எக்சைட்டான் உடைவதை அளக்க வரும் பிள்ளைகளுக்கு

லேசர் பட்டதும் குறைக்கடத்தியில் ஓர் எலக்ட்ரான் மேலெழும். அது விட்டுச்சென்ற இடம் துளை. இரண்டும் ஈர்த்துப் பிணைந்தால் எக்சைட்டான். பிணைப்பு அறுந்து எல்லாம் தனித்தனியே அலைந்தால் பிளாஸ்மா. இந்த மாற்றத்தைக் குவாண்டம் கிணறு எனும் மிக மெல்லிய குறைக்கடத்தி அடுக்கில் அளக்கப் போகிறவர்கள் இவற்றை மனதில் வையுங்கள்.

1. முதலில் ஆற்றல் கணக்கைப் போடுங்கள். பருமனான கேலியம் ஆர்செனைடில் பிணைப்பாற்றல் சுமார் 4 மில்லி எலக்ட்ரான் வோல்ட். மெல்லிய கிணற்றில் 10ஐ ஒட்டி வரும். அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ 25. எனவே மாதிரியை ஹீலியத்தால் குளிர்வியுங்கள்.

2. உடைவுக்கு இரண்டு வழிகள் உண்டு, கலந்து பேசாதீர்கள். வெப்பத்தால் உடைவதற்கு மேக்நாத் சாஹாவின் சமன்பாடு உதவும். அதன்படி, அடர்த்தி மிகக் குறைந்தாலும் ஜோடிகள் பிரியும். பிரிந்தவை மறுபடி சந்திப்பது அரிது. அடர்த்தி மிகும்போது நடப்பது மாட் மாற்றம்: சுற்றியுள்ள மின்னூட்டங்கள் ஈர்ப்பை மறைக்கும், பௌலி விதிப்படி நிலைகளும் நிரம்பிவிடும்.

3. ஒளிர்வுக் கோட்டை மட்டும் சாட்சியாக வைக்காதீர்கள். அடர்த்தி ஏறும்போது ஆற்றல் இடைவெளி சுருங்கும், பிணைப்பும் தளரும். இரண்டும் ஈடாகிவிடுவதால் கோடு பெரிதாக நகராது. பிளாஸ்மாகூட எக்சைட்டானின் ஆற்றலிலேயே ஒளிரலாம் என்று கிரா, யான்கே, கோக் என்ற இயற்பியலாளர்கள் மூவரும் 1998இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

4. டெராஹெர்ட்ஸ் அலையையும் கேளுங்கள். ஜோடி இருந்தால் அதன் உள்நிலைகளுக்கு இடையே சுமார் 7 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் உறிஞ்சல் தெரியும். பிளாஸ்மா என்றால் மின்கடத்தும் தன்மை தெரியும். கைண்டலின் ஆய்வுக் குழு 2003இல் இப்படித்தான் இரண்டையும் பிரித்துக் காட்டியது.

5. லேசர் புள்ளியின் நடுவில் அடர்த்தி மிகுதி, ஓரத்தில் குறைவு. அதனால் நடுவில் பிளாஸ்மாவும் ஓரத்தில் எக்சைட்டானும் ஒரே நேரத்தில் இருக்கலாம். சிறு துளைத் தடுப்பு வைத்து நடுப்பகுதியின் ஒளியை மட்டும் எடுங்கள். இதைச் செய்யாமல் வரைந்த வரைபடம் எதையும் நிறுவாது.

6. குளிர்கருவி காட்டும் வெப்பநிலை படிகத்தினுடையது. எலக்ட்ரான்கள் அதைவிடச் சூடாக இருக்கலாம். ஒளிர்வின் உயர் ஆற்றல் வால் சரியும் விதத்திலிருந்து அவற்றின் வெப்பநிலையைக் கணக்கிடுங்கள்.

7. திடீர்த் தாவலைத் தேடி ஏமாறாதீர்கள். காப்பேயின் ஆய்வுக் குழு 2005இல் கண்டதும் படிப்படியான மாற்றமே. அடர்த்தி, வெப்பநிலை, லேசர் துடிப்புக்குப் பின் கழிந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு அளவீட்டோடும் எழுதுங்கள். அவை இல்லாமல் 'உடைந்தது' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை.