முளைக்கொட்டைப் பதிவு செய்யக் கிளம்பும் பிள்ளைகளுக்கு

தம்பி, தங்கச்சிகளே! முளைப்பாரி வளர்க்கும் நாட்களில் முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பெண்கள் கும்மி கொட்டிப் பாடும் முளைக்கொட்டுப் பாட்டை மொழிபெயர்த்து உலகத்துக்குக் காட்ட வேண்டும் என்று கிளம்பியிருக்கிறீர்கள். மனம் நிறைகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. முளைப்பாரி தூக்கும் அன்றைக்கு மட்டும் போய் நிற்காதீர்கள். மேளத்துக்கும் வேட்டுக்கும் நடுவே பாட்டு ஒரு வரிகூடத் தெளிவாகப் பதியாது. விதை போட்டதிலிருந்து ராத்திரிதோறும் பெண்கள் சுற்றி வந்து கும்மி கொட்டுவார்களே, அப்போது போங்கள். பயிர் வளரும் வீட்டுக்குள் கேமரா வரலாமா என்பதை ஊர்தான் சொல்ல வேண்டும். கூடாது என்றால் வாசலோடு நின்றுவிடுங்கள்.

2. படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, ஒலி சுத்தமாக வேண்டும். தனி மைக் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வாவ் கோப்பாகச் சேமியுங்கள்.

3. நான் அதிகம் வற்புறுத்துவது இதைத்தான். பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும், 2022இல் வந்த விஸ்பர் போன்ற மென்பொருள்கள் செய்தி வாசிப்பவரின் தமிழை ஓரளவு எழுதிவிடும். கைதட்டலும் இழுத்துப் பாடும் குரலும் நம் ஊர்ப் பேச்சும் சேர்ந்தால் தடுமாறும். புரியாத இடத்தில் பாடாத வரியைக்கூட எழுதி வைத்துவிடும். அதை அப்படியே ஆங்கிலமாக்கினால், நம் அக்காமார் பாடாத பாட்டைத்தான் வெளிநாட்டார் கேட்பார்கள். அதனால் மறுநாளே, பாடியவரிடம் போய் உட்காருங்கள். ஒவ்வொரு வரியாகப் போட்டுக் காட்டி, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். பேச்சுவழக்கைத் திருத்த வேண்டாம். இந்தத் தமிழ்ப் பிரதி முடியாமல் மொழிபெயர்ப்பில் இறங்காதீர்கள்.

4. கனடா நாட்டு ஆய்வாளர் பிரெண்டா பெக், கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை என்ற நாட்டுப்புறக் கதைப்பாடலை 1965இல் ஒலிநாடாவில் பதிந்தார். தமிழும் ஆங்கிலமுமாக அது நூலாக வந்தது 1992இல். அதற்கும் பல ஆண்டுகள் கழித்துத்தான் 26 பகுதி அனிமேஷன் தொடராக இரு மொழியிலும் வந்தது. நாடாவில் பதிந்த காலத்தில் கணினி அனிமேஷனை யார் நினைத்தார்கள்? அதனால் நீங்களும் மூல ஒலியை அழிக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள். ஒன்று ஊரிலேயே இருக்கட்டும்.

5. திரையில் மொழிபெயர்ப்பு ஒரே நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். குலவை எழும்போது எதுவுமே எழுதாதீர்கள், கேட்கட்டும். 2024இல் வந்த 'பிளாக் மித்: வுகோங்' என்ற சீன வீடியோ கேமில் வட ஷான்ஷி வட்டாரக் கதைப்பாட்டு ஒன்று வருகிறது. அந்த வட்டாரப் பேச்சிலேயே பாடவிட்டுக் கீழே பொருளைப் போட்டார்கள். உலகமே ரசித்தது. நம் பாட்டுக்கும் வேறு குரல் ஏற்ற வேண்டாம்.

6. முளைக்கொட்டோடு ஒப்பாரியையும் பதியலாம் என்று தோன்றினால், அதற்காகச் சாவு வீட்டில் கருவியை எடுக்கவே கூடாது.

7. வெளிநாட்டார் என்றதும் வெள்ளைக்காரர்களை மட்டும் நினைக்காதீர்கள். வளைகுடாவிலும் மலேசியாவிலும் வளரும் நம் பிள்ளைகளில் தமிழ் எழுத்துத் தெரியாதவர்கள் உண்டு. அவர்களுக்கும் புரிய வேண்டும்.

8. பாடியவர் சம்மதித்தால் அவர் பெயரும் ஊர்ப் பெயரும் முதலில் வரட்டும். பணம் வந்தால் பங்கு கொடுங்கள். வெளியிடுமுன் கோயில் திடலில் ஒருமுறை போட்டுக் காட்டி, பாடியவர்கள் வேண்டாம் என்ற இடத்தை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.