பெட்டியிலிருந்து வெயிலுக்கு: ஓர் ஆமைக்குஞ்சு தந்த பாடம்

சென்ற ஆண்டு மாரிமழை ஓய்ந்த ஒரு காலையில், வண்ணாத்திவில்லுவிலுள்ள கஜூத் தோட்டத்திலிருந்து எங்கள் சாச்சா ஒரு சொப்பிங் பையுடன் வீட்டுக்கு வந்தார். பற்றை வெட்டும்போது மண்வெட்டிக்குத் தப்பிய ஓர் ஆமைக்குஞ்சு அந்தப் பைக்குள் இருந்தது. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியது. கருநிற ஓட்டில் மஞ்சள் கோடுகள் வெயில் கதிர்கள் போல விரிந்திருந்தன. "தம்பிக்கு விளையாட வெச்சுக்கங்க" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். தம்பி அதற்கு "மெதுவன்" என்று பெயர் வைத்தான்.

மெதுவனை நாங்கள் அன்போடுதான் வளர்த்தோம். சப்பாத்து வந்த காட்போட் பெட்டியில் பழைய துணி விரித்து, கண்ணாடி யன்னலோரம் வைத்தோம். சோறு, பிஸ்கட், வாழைப்பழம், வெள்ளரிக்காய் எல்லாம் கொடுத்தோம். மூன்று மாதம் கழிந்தபோது அது நடப்பதைக் குறைத்துக்கொண்டது. ஒருநாள் தம்பி அதைத் தூக்கியபோது, "லாத்தா, இவன்ட முதுகு அமுங்குது" என்றான். தொட்டுப் பார்த்தேன். உண்மைதான். ஓட்டின் ஓரம் விரல்பட்டால் வளைந்தது.

அப்போது நான் தரம் 10 விஞ்ஞானச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் விஞ்ஞான ஆசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன்.

ஓடு ஏன் மென்மையானது?

"ஆமை ஓட்டைச் சட்டை என்று நினைக்காதீங்க மகள், அது எலும்பு" என்றார் ஆசிரியை. ஆமையின் முதுகெலும்பும் விலா எலும்புகளும் ஓட்டோடு ஒன்றாகப் பொருந்தியுள்ளன. அதன் மேலே, எங்கள் நகத்திலுள்ள கெரற்றின் என்ற பொருளாலான தகடுகள் மூடியிருக்கின்றன. எனவே ஓடு மென்மையாகிறது என்றால் எலும்பு நோயுற்றிருக்கிறது என்பதே பொருள். மிகச் சிறிய குஞ்சுகளின் ஓடு இயல்பாகவே சற்று நெகிழ்வாக இருக்கும். ஆனால் வளர வளர அது இறுக வேண்டும். மெதுவனுக்கு நடந்தது அதற்கு எதிர்மாறானது.

எலும்பு இறுகுவதற்குக் கல்சியம் தேவை. உண்ணும் கல்சியத்தை உடல் உறிஞ்சிக்கொள்ள விற்றமின் டி தேவை. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் தோலில் படும்போது ஆமையின் உடல் அந்த விற்றமினைத் தயாரித்துக்கொள்கிறது. "யன்னலோரம் வெயில் படுமே டீச்சர்?" என்று கேட்டேன். அதற்கு அவர் தந்த பதிலை நான் மறக்கவில்லை. சாதாரண யன்னல் கண்ணாடி வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடும். விற்றமின் டியை உண்டாக்கும் அந்தக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும். வெயிலில் இருப்பதாக நாங்கள் நினைத்த மூன்று மாதமும் மெதுவன் உண்மையான வெயிலைக் காணவில்லை.

நான் செய்த முதல் பிழை

வெயில்தான் மருந்து என்று அறிந்தவுடன் அன்றே பகல் ஒரு மணிக்கு மெதுவனை ஒரு பிளாஸ்டிக் பேசினில் வைத்து முற்றத்தில் விட்டேன். பத்து நிமிடம் கழித்து உம்மம்மா கூப்பிட்டார். மெதுவன் கால்களை உதறிக்கொண்டு பேசினின் சுவரில் ஏறி ஏறி விழுந்துகொண்டிருந்தது. வாயோரம் நுரை. உம்மம்மா அதை நிழலுக்குக் கொண்டுவந்து, இளஞ்சூடான நீரைத் தட்டில் ஊற்றி அதில் வைத்தார். அல்ஹம்துலில்லாஹ், சற்று நேரத்தில் தலையை நீட்டியது.

ஆமை தனது உடல் வெப்பத்தைத் தானே நிலையாக வைத்திருக்க முடியாத பிராணி. குளிர்ந்தால் வெயிலுக்கும், சூடேறினால் நிழலுக்கும் நகர்ந்தே உடலைச் சமப்படுத்துகிறது. சிறிய உடல் மிக விரைவாகச் சூடாகும். நிழலே இல்லாத பேசினில் அது தப்பிச் செல்ல வழியிருக்கவில்லை. வெயிலைக் கொடுத்தால் நிழலையும் கொடுக்க வேண்டும் என்பது நான் படித்த முதல் பாடம்.

படிப்படியாகப் பழக்கிய ஏழு வாரங்கள்

அதன் பின்னர் ஆசிரியையின் ஆலோசனைப்படி ஒரு குறிப்புப் புத்தகம் வைத்தேன். வாப்பா கிணற்றடிக்கு அப்பால் முருங்கை மரத்தடியில் ஆறடி நீளம், நான்கடி அகலத்தில் பலகையால் ஓர் அடைப்புக் கட்டித் தந்தார். ஆமை மண்ணைத் தோண்டி வெளியேறக்கூடும் என்பதால் பலகையைச் சிறிது ஆழமாகப் புதைத்தார். பாதி வெயில், பாதி நிழல். ஒரு மூலையில் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, அதன் கீழே ஈரச் சருகு போட்டோம். குஞ்சுகள் காய்ந்த தரையில் மட்டும் வளர்ந்தால் ஓட்டின் தகடுகள் மேடு மேடாக எழும்பிவிடும். அதனால் ஒளியும் இடத்தில் ஈரம் இருப்பது நல்லது.

முதல் வாரம் காலை எட்டு மணியிலிருந்து இருபது நிமிடம் மாத்திரம் விட்டேன். மெதுவன் முழு நேரமும் ஓட்டுக்குள் ஒடுங்கியிருந்தது. பெட்டியின் சுவர்களையே உலகமாகக் கண்ட குஞ்சுக்குக் காற்றும் காகச் சத்தமும் புதியவை. தூக்கிப் பார்க்க வேண்டாம் என்று தம்பியைத் தடுப்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இரண்டாம் வாரம் நாற்பது நிமிடம். நான்காம் நாள் அது நான்கு அடி நடந்து மண்சட்டிக்குள் போனது. எங்கே ஒளிவது என்று அது கண்டுபிடித்துவிட்டதை அன்று குறித்து வைத்தேன். மூன்றாம் நான்காம் வாரங்களில் காலையில் இரண்டு மணித்தியாலம், அஸர் தொழுகைக்குப் பின் ஒரு மணித்தியாலம். நண்பகலில் வீட்டுக்குள். காட்டிலும் இவ்வின ஆமைகள் காலையிலும் மாலையிலுமே மேய்கின்றன. உச்சி வெயிலில் பற்றைக்குள் படுத்துவிடுகின்றன.

ஐந்தாம் வாரத்திலிருந்து பகல் முழுவதும் வெளியே இருந்தது. வெயிலேற நிழலுக்கும், சாய வெயிலுக்கும் தானாகவே நகர்ந்தது. இரவில் மட்டும் உள்ளே எடுத்தோம்.

உணவையும் மாற்றினோம். சோறும் பிஸ்கட்டும் நின்றன. வாழைப்பழத்தில் கல்சியத்தை விடப் பொசுபரசு கூடுதலாக உள்ளது. அதையே தினமும் கொடுத்ததும் எங்கள் பிழைகளில் ஒன்று. அறுகம்புல், முருங்கை இலை, செவ்வரத்தை இலையும் பூவும் கொடுத்தோம். புல்லும் இலையும் மேயும் உயிரினத்துக்கு நார்ப்பொருள்தான் பிரதான உணவு. ஒருநாள் விட்டு ஒருநாள், கழுத்து மூழ்காத அளவு இளஞ்சூடான நீரில் பத்து நிமிடம் வைத்தோம். அது நீர் குடித்தது, கழிவும் வெளியேற்றியது.

இதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், "கிணத்துல போட்டா நல்லா நீந்துமே" என்றார்கள். ஆமை என்றால் நீரில் வாழ்வது என்ற எண்ணம் எங்கள் ஊரில் பலருக்கும் இருக்கிறது. எங்கள் நாட்டின் குளங்களில் வாழும் கறுப்பு ஆமைக்கும் பாலாமைக்கும் விரலிடைச் சவ்வு உண்டு. மெதுவனின் கால்களோ யானைக்கால் போன்று தூண் வடிவானவை. தரையில் நடப்பதற்காக அமைந்த கால்கள் அவை. கிணற்றில் போட்டிருந்தால் மூழ்கி இறந்திருக்கும்.

ஆறாம் வாரம் ஒரு காலை, நான் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் ஒரு காகம் அடைப்புக்குள் இறங்கி மெதுவனைப் புரட்டிவிட்டது. மல்லாந்த ஆமைக்குஞ்சு வெயிலில் கிடந்தால் அதிக நேரம் தாங்காது. தம்பி கண்டு ஓடியதால் தப்பியது. அன்றே மேலே கம்பிவலை அடித்தோம். காகம், கீரி, உடும்பு, நாய் எல்லாம் குஞ்சுகளுக்கு எதிரிகள்தான்.

ஏழாம் வாரம் சமையலறைத் தராசில் நிறுத்தேன். 62 கிராமாக இருந்தது 71 கிராமாகியிருந்தது. ஓட்டின் முன்னோரம் முன்னைப்போல் வளையவில்லை.

செயற்றிட்டம் எழுத உட்கார்ந்தபோது

"வீட்டில் ஆமை வளர்ப்பது எப்படி" என்று தலைப்பிட்டு எழுதத் தொடங்கினேன். இனத்தின் பெயர் தேடியபோதுதான் விடயம் தெரிந்தது. மெதுவன் ஒரு நட்சத்திர ஆமை. சிங்களத்தில் தாரக்க இப்பா. இலங்கையின் வரண்ட வலயத்திலும், இந்தியா, பாகிஸ்தானின் சில பகுதிகளிலும் மட்டுமே இயற்கையாக வாழும் இனம். எங்கள் நாட்டுக்குரிய தரை ஆமை இது ஒன்றுதான். அழகான ஓட்டுக்காகவே இவை பிடிக்கப்பட்டு வெளிநாடுகளுக்குக் கடத்தப்படுகின்றன. 2019இல் கொழும்பில் நடைபெறவிருந்து பின்னர் ஜெனீவாவில் நடைபெற்ற சைட்டிஸ் மாநாட்டில், இலங்கை, இந்தியா உட்பட நாடுகள் முன்வைத்த பிரேரணையின்படி இதன் சர்வதேச வணிகத்துக்கு மிகக் கடுமையான தடை விதிக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே, 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் எங்கள் நாட்டில் இந்த ஆமையைப் பாதுகாக்கிறது. அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம்.

இரவு வாப்பாவிடம் சொன்னேன். வீடே அமைதியானது. "யாருக்கும் தெரியாதுதானே, இவ்வளவு கஷ்டப்பட்டுச் சுகமாக்கின பிறகு ஏன்?" என்று சாச்சா தொலைபேசியில் கேட்டார். திரும்பக் கஜூத் தோட்டத்திலேயே விட்டுவிடலாம் என்றார் உம்மா. எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் வீட்டில் வளர்ந்த ஆமை, வெளியில் தெரியாத நோய்களைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பக்கூடும் என்று நான் வாசித்திருந்தேன். ஓடும் இன்னும் முழுமையாக இறுகவில்லை.

வாப்பா வெகுநேரம் யோசித்தார். பிறகு, "இது அமானிதம் மகள். நம்மட கையில வந்து சேர்ந்தது, ஆனா நம்மட பொருள் இல்ல. ஒப்படைக்கணும்" என்றார். மறுநாள் காலை வாப்பாவே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அழைத்தார். திட்டுவார்களோ, தண்டிப்பார்களோ என்று நாங்கள் பயந்தது உண்மை. வந்த உத்தியோகத்தர் எனது குறிப்புப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். என்ன கொடுத்தீர்கள், எங்கே கிடைத்தது என்று விசாரித்து எழுதிக்கொண்டார். காற்றுத் துளையிட்ட ஒரு பெட்டியில் மெதுவனை எடுத்துச் சென்றார்.

தம்பி அன்று சாப்பிடவில்லை. "அது நம்மள மறந்திடுமா வாப்பா?" என்று கேட்டான். "மறக்கணும் மகன். மனுசனக் கண்டா ஒளிஞ்சாத்தான் அது காட்டுல பிழைக்கும்" என்றார் வாப்பா.

இந்தக் கட்டுரையை வாசிக்கும் மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். நான் எழுதிய படிமுறைகள் ஆமை வளர்ப்பதற்கான வழிகாட்டி அல்ல. ஓர் உயிருக்கு வெயில், நிழல், மண், ஈரம், புல் என எத்தனை தேவை என்பதையும், சப்பாத்துப் பெட்டியில் அவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதையும் அறிவதற்கான குறிப்புகள். ஏழு வாரம் பாடுபட்டு நான் மெதுவனுக்குக் கொடுத்தவை யாவும், பற்றையில் அது விலையின்றிப் பெற்றவை.

தோட்டத்திலோ பாதையிலோ நட்சத்திர ஆமையைக் கண்டால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பாதையைக் கடக்கிறதென்றால், அது போகும் திசையிலேயே அப்பால் எடுத்து விடுங்கள். கிணற்றிலோ குளத்திலோ போடாதீர்கள். காயப்பட்டிருந்தால், அல்லது ஏற்கனவே யார் வீட்டிலாவது அடைபட்டிருந்தால், வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள். பற்றை வெட்டுபவர்களிடம், தரையைத் தட்டிப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். சாச்சா இப்போது அப்படித்தான் செய்கிறார்.

முருங்கை மரத்தடி அடைப்பை நாங்கள் இன்னும் கழற்றவில்லை. உம்மா அதற்குள் வல்லாரை நட்டிருக்கிறார். செயற்றிட்டத்தின் தலைப்பை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தேன்: "வீட்டில் ஆமை வளர்க்கக் கூடாது, ஏன்?"