சோடியம் கூடினால் முதலில் தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

பேதியாகும் குழந்தையின் ரத்தப் பரிசோதனையில் சோடியம் 158 என்று வந்தால், "உப்பு ஏறிடுச்சு" என்பதுதான் வீட்டில் முதலில் எழும் பேச்சு. 145-ஐத் தாண்டினாலே அதிகம்தான். ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு உப்பு ஏறியிருப்பதில்லை, தண்ணீர் போயிருக்கிறது. அது எந்த வழியாகப் போனது என்பதையே முதலில் தேட வேண்டும் என்கிறேன். பேதியா, காய்ச்சலா, தாய்ப்பால் போதவில்லையா? உடம்பு வற்றியும் சிறுநீர் தண்ணீராக நிறையப் போகிறதென்றால், சிறுநீரகத்தையும் பிட்யூட்டரி சுரப்பியையும் பார்க்க வேண்டியிருக்கும்.

வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாலே வறட்சி தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். இங்கே அந்தச் சோதனை ஏமாற்றும். செல்களுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்பட்டு ரத்த ஓட்டத்தைத் தாங்கிப் பிடிப்பதால், தோல் பிசைந்த மாவைப் போலத் திண்மையாகவே இருக்கும். குழந்தையோ எரிச்சலோடு கீச்சுக்குரலில் அழும். நம்பக்கூடிய சாட்சி எடைதான். 3 கிலோவாகப் பிறந்த குழந்தை ஐந்தாம் நாள் 2.6 கிலோ என்றால் 13 சதவீதம் குறைந்திருக்கிறது. 10 சதவீதத்தைத் தாண்டினாலே பால் குடிக்கும் விதத்தைக் கவனித்து, சோடியமும் பார்த்துவிட வேண்டும். சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஆய்வகம் பக்கத்தில் இல்லாவிட்டாலும், பிறந்த எடை எழுதிய அட்டையும் ஒரு தராசும் இருந்தால் எடை எவ்வளவு குறைந்தது என்று கணக்கிடலாம்.

அடுத்து, ஓ.ஆர்.எஸ். எப்படிக் கலந்தார்கள் என்று தாயைக் குற்றம் சொல்லாமல் கேட்க வேண்டும். எந்தப் பாத்திரம் என்று எடுத்துக் காட்டச் சொன்னால் இன்னும் நல்லது. பெரிய பொட்டலம் 1 லிட்டர் தண்ணீருக்கானது. அப்படிக் கலந்தால் சோடியம் 75. அதையே 200 மில்லி டம்ளரில் கொட்டினால் 375 ஆகிவிடும். உப்பு உண்மையிலேயே ஏறுவது இப்படித்தான்.

சோடியம் கூடிய பிள்ளைக்கு உப்புக் கரைசல் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. சரியாகக் கலந்த கரைசலில் சோடியம் ரத்தத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் என்பதால், கரைசலைக் குடிக்கும்போது உடம்புக்கு மிஞ்சுவது தண்ணீரே. அப்படியென்றால் வெறும் தண்ணீரை வேகமாக ஏற்றிவிடலாமே? கூடாது. கூடிய சோடியத்துக்குப் பழகிவிட்ட மூளை, அது சட்டென்று இறங்கினால் வீங்கும், வலிப்பு வரும். 24 மணி நேரத்தில் 10 முதல் 12 வரை இறங்கினால் போதும். முழு ஈடுகட்டலை 48 மணி நேரத்துக்குப் பரப்ப வேண்டும். அதிர்ச்சி நிலையில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் முதலில் சலைனை வேகமாக ஏற்றித்தான் ஆக வேண்டும். சில மணிக்கொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டியிருப்பதால், அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்குத் தாமதிக்காமல் அனுப்புவதே சரி. குழந்தை விழிப்போடு விழுங்குகிறதென்றால், போகும் வழியிலும் தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். சரியாகக் கலந்த கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.