செவி எலும்பு சொல்லும் உறவு

பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடம் நடத்தும்போது, ‘திமிங்கலத்துக்கு நெருங்கிய உறவு எது?’ என்று கேட்டால் ‘சுறா’ என்ற விடையே முதலில் வருகிறது. உருவ ஒற்றுமை உறவாகாது என்பதை விளக்க நம் நாட்டிலேயே சான்று உண்டு.

ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதிப் புதைபடிவங்களைக் கொண்டு, புவியியலாளர் ரங்கா ராவ் 1971-இல் ‘இந்தோஹையஸ்’ எனப் பெயரிட்ட விலங்கு, ஏறத்தாழ 4.8 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. பூனையளவே இருந்த குளம்பு விலங்கு அது. அவர் மறைவுக்குப் பின், அவர் சேமித்த பாறைகள் ஆய்வாளர் தெவிசனிடம் சேர்ந்தன. அவற்றைச் சுத்தம் செய்கையில் ஒரு மண்டையோடு உடைந்து, நடுச்செவியைச் சூழ்ந்த எலும்பு வெளிப்பட்டது. அதன் உட்புறச் சுவர் தடித்திருந்தது. அதுவரை திமிங்கல இனத்தின் தனி அடையாளமாகக் கருதப்பட்ட அமைப்பு அது! இந்திய ஆய்வாளர் சுனில் பாஜ்பாயும் பங்கேற்ற இந்த ஆய்வு 2007-இல் வெளியானது.

நடுச்செவி உறவைச் சொல்கிறது. உட்செவி வாழ்முறையைச் சொல்கிறது. கடல் வாழ்வுக்கு மாறிய தொல் திமிங்கலங்களில், உடற்சமநிலை காக்கும் அரைவட்டக் குழல்கள் உடலளவுக்கு மிகச் சிறுத்துவிட்டன.

தொரப்பள்ளி மாணவர்களுக்கு ஆடு அன்றாடக் காட்சி. இறைச்சிக் கடையில் ஆட்டின் கணுக்கால் எலும்பு ஒன்றை வாங்கி, வேகவைத்துத் தூய்மை செய்து அவர்கள் கையில் கொடுக்கலாம். இரு முனைகளிலும் கப்பி போன்ற பள்ளம் தெரியும். கால்களுடன் வாழ்ந்த தொல் திமிங்கலங்களுக்கும் இதே எலும்பு இருந்தது. இதைத் தொட்டுப் பார்த்த மாணவர், ‘அமைப்பு ஒத்த உறுப்புகள்’ என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.