கணினியின் சுமை காரணமின்றி ஏறுமா?

பட்டா நகலுக்கோ, வருமானச் சான்றுக்கோ செல்லும் நம் கிராம மக்கள் பலமுறை கேட்டுப் பழகிய சொல், "சர்வர் சுற்றுகிறது, நாளை வாருங்கள்" என்பதாகும். ஒரு நாள் கூலியை இழந்து வந்த விவசாயி அதைக் கேட்டுத் திரும்பிச் செல்கிறார். சர்வர் ஏன் திணறுகிறது, அதன் காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் அறிந்திருத்தல் நலம்.

பலருக்கும் ஒரே சமயத்தில் பணி செய்யும் பொதுக் கணினியே சர்வர். சேலம் செவ்வாய்ப்பேட்டையின் தானிய மண்டி ஒன்றை மனத்தில் கொள்வோம். அங்கே எடை போடுபவர் ஒருவர், மூட்டைகளை இறக்கி வைக்கும் முன்திண்ணை ஒன்று, உள்ளே கிடங்கு, வெளியே வண்டிகள் வந்து போகும் தெரு. சர்வரில் எடை போடுபவரின் வேலையைப் பிராசஸர் செய்கிறது. திண்ணையாக இருப்பது நினைவகம். கிடங்காக இருப்பது சேமிப்பு வட்டு. தெருவாக இருப்பது இணைய இணைப்பு. இந்நான்கில் எது நிரம்பினாலும் வியாபாரம் நின்றுவிடும். ஆதலின் "சுமை ஏறியது" என்று பொதுவாகச் சொல்லுதல் போதாது. நான்கில் எது நிரம்பியது என்பதே முதற் கேள்வி.

ஆடி மாதத்தில் மாரியம்மன் திருவிழாவின் வண்டி வேடிக்கையைக் காணச் செவ்வாய்ப்பேட்டையில் பெருங்கூட்டம் கூடுகிறது. அதைக் கண்டு யாரும் திகைப்பதில்லை, காரணம் தெரிந்ததே. அதே கூட்டம் ஒரு சாதாரண நாளின் நள்ளிரவில் கூடினால் விசாரிக்க வேண்டும். கணினியின் சுமையும் அத்தகையதே. ஏற்றம் மட்டும் குற்றமன்று. காரணம் தெரியாத ஏற்றமே கவனிக்கத்தக்கது.

ஏற்றத்தை அறிய வழக்கமான அளவு தெரிந்திருக்க வேண்டும். குடிநீர் மோட்டாரின் மாதாந்தர மின் கணக்கை அறியாதவர், அது இரட்டித்ததை எங்ஙனம் காண்பார்? ஆகவே அமைதியான நாட்களிலேயே காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளைகளின் அளவையும் குறித்து வைத்தல் வேண்டும். அலுவலக மேசைக் கணினியில் விண்டோஸ் இருப்பின், கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். எந்த நிரல் எவ்வளவு உபயோகிக்கிறது என்பதை அது காட்டும். லினக்ஸ் சர்வர்களில் 'டாப்' என்னும் கட்டளை அதே பணியைச் செய்கிறது.

ஏற்றத்தின் போக்கே காரணத்திற்கு வழிகாட்டும். அவற்றுள் நான்கினைக் காண்போம்.

முதலாவது, நாள்தோறும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குவது. நகலெடுத்தல், வைரஸ் பரிசோதனை போன்ற நேரம் குறித்த வேலைகள் பெரும்பாலும் காரணமாகும். அவ்வேலையை மக்கள் வராத நேரத்திற்கு மாற்றினால் போதும்.

இரண்டாவது, நினைவகம் நாட்கணக்கில் சிறிது சிறிதாக நிரம்பி, கணினியை அணைத்துப் போட்டதும் குறைந்து, மீண்டும் நிரம்புவது. யாதேனும் ஒரு நிரல், வேலை முடிந்த பின்னும் திண்ணையிலுள்ள மூட்டைகளை அகற்றாதிருக்கலாம். நிரலைத் திருத்தினாலன்றி இது தீராது.

மூன்றாவது, மக்கள் வரும் வேளையில் ஏறுவது. கடைசித் தேதி நெருங்கும்போது இது இயற்கை. ஆயினும் பதில் தாமதமானால் பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்துகிறோம் அல்லவா? ஒவ்வோர் அழுத்தமும் புதிய வேண்டுகோளாகச் சேர்ந்து, நெரிசலை நாமே பெருக்குகிறோம்.

நான்காவது, யாரும் இல்லாத வேளையிலும் பிராசஸர் இடைவிடாது உழைப்பது. தானாக நிகழும் புதுப்பித்தல் போன்ற முறையான வேலையாகவும் இருக்கலாம், களவாகவும் இருக்கலாம். இதைக் கண்டால் அலட்சியம் கூடாது.

களவு என்பது கற்பனையன்று. 2018 செப்டம்பரில், ஆந்திர மாநில நகராட்சி நிர்வாகத் துறை, திருப்பதி மாநகராட்சி, மாச்சர்லா நகராட்சி ஆகியவற்றின் இணையதளங்களில் கிரிப்டோ நாணயம் ஈட்டும் நிரல்வரிகள் புகுத்தப்பட்டிருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இத்தகைய வரிகள் இணையதளத்தைத் திறப்பவரின் கணினியையே உழைக்க வைத்து, பயனை வேறொருவருக்குச் சேர்ப்பிக்கும். மின்சாரச் செலவும் இயந்திரத் தேய்மானமும் திறப்பவருக்கு, ஆதாயம் திருடனுக்கு.

சிறு வேறுபாட்டையும் தள்ளிவிடலாகாது என்பதற்கு 1986இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் நிகழ்ந்தது சிறந்த பாடம். கணினி உபயோகக் கணக்கில் 75 சென்ட் உதைத்தது. கிளிஃபோர்ட் ஸ்டோல் என்னும் வானியலாளர் அதைப் பிழையென்று ஒதுக்காமல், எவர் பெயரில், எந்நேரத்தில் என்று மாதக்கணக்கில் குறித்துத் தொடர்ந்தார். மேற்கு ஜெர்மனியின் ஹானோவர் நகரிலிருந்து கணினிகளுக்குள் நுழைந்து, சோவியத் உளவு நிறுவனத்திற்குத் தகவல் விற்ற ஒருவரிடம் அத்தடம் சென்று முடிந்தது. ஒரு ரூபாய் உதைத்தாலும் பேரேட்டை மூடாத நம் பழைய கணக்குப் பிள்ளைகளின் பண்பே அங்கும் வென்றது.

சுமை ஏறியவுடன் கணினியை அணைத்துப் போடுவதே நம்மிடையே உள்ள வழக்கம். அது தடயத்தை அழிப்பதாகும். முதலில் நாள், நேரம், நான்கில் நிரம்பியது எது, மேலே நின்ற நிரலின் பெயர், அது எவர் கணக்கில் ஓடியது, அண்மையில் செய்த மாறுதல் என்ன என்பவற்றை எழுதிக்கொள்க. திரையைக் கைபேசியில் படமெடுத்தலும் நன்று. அறியாத நிரலாயின் இணைப்பைத் துண்டித்துத் தொழில்நுட்பப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். பரிகாரம் செய்கையில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால், குணப்படுத்தியது எது என்பது விளங்காது.

இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒழுங்கும் போதும். சர்வர் நின்ற நாளையும் நேரத்தையும் பஞ்சாயத்து அலுவலகத்தில் பதிந்து வருவோமாயின், மேலிடத்தில் முறையிடும்போது நம் கையில் சான்று இருக்கும். "சர்வர் சுற்றுகிறது" என்னும் விடையை விசாரணையின் முடிவாக ஏற்காமல் அதன் தொடக்கமாகக் கொள்வோம். நாளை வரச் சொல்லப்பட்ட விவசாயியின் ஒரு நாள் கூலிக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.