துணி கறுப்பாக வந்தால் பேரல் அழுக்கு என்று யார் சொன்னது?

போன மாதம் ஒரு அப்பா தன் மகளின் ஏர் ரைபிளை என் மேஜைமேல் வைத்தார். பத்தாம் வகுப்புப் பிள்ளை. 60 குண்டுக்கு 620 புள்ளியை நெருங்கிக்கொண்டிருந்தவள், மூன்று மாதமாக 610-ஐத் தொடவே திணறுகிறாள். “நான் எந்தக் குறையும் வைக்கலை சார். நூறு குண்டுக்கு ஒரு தடவை பேரலைச் சுத்தம் பண்ணிடுறேன். பிரஷ் போட்டு, ஆயில் விட்டு, துணி வெள்ளையா வர்ற வரைக்கும் விடமாட்டேன்” என்றார்.

காது துடைக்கும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, பேரல் வாயின் உள்விளிம்பில் மெதுவாகச் சுற்றினேன். கடிகாரத்தில் ஏழு மணி இருக்குமே, அந்த இடத்தில் பஞ்சு இழை சிக்கி நின்றது. மறுபடி சுற்றினேன். அதே இடத்தில் மறுபடியும் சிக்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் முடியின் பருமன் அளவுக்கு ஒரு பிசிறு. மூன்று துண்டாகத் திருகி நீட்டும் இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாகவே விட்டு விட்டு எடுத்ததில் ஏற்பட்ட காயம் அது. அந்தப் பிள்ளையின் மூன்று மாத உழைப்பைத் தின்றது அழுக்கு அல்ல, சுத்தம்.

‘நூறு குண்டுக்கு ஒருமுறை’ என்ற இந்தப் பேச்சு என் காதில் விழாத வாரமே இல்லை. சிலர் ஐம்பது என்கிறார்கள், சிலர் தினமும் என்கிறார்கள். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் பதில் வராது. ‘எல்லாரும் சொல்றாங்க’ என்பார்கள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் சுட்டுவிட்டு வந்திருக்கிறார். அவரைப் பார்த்து ஆசைப்பட்டு, வீட்டில் துப்பாக்கியே பார்த்திராத குடும்பங்களின் பிள்ளைகள் இந்த விளையாட்டுக்கு வருகிறார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி. ஆனால் விவரம் தெரியாத பெற்றோரிடம் யார் உறுதியான குரலில் பேசுகிறாரோ அவர் சொல்வதே வேதமாகிவிடுகிறது. அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் ராணுவத்திலோ போலீஸிலோ இருந்து ஓய்வு பெற்றவர், அல்லது கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கையாண்ட துப்பாக்கிக்கு அது சரியான பாடம். வெடிமருந்து எரிந்து குண்டைத் தள்ளும் துப்பாக்கியில் ஒவ்வொரு வேட்டுக்கும் கரி, எரியாத மருந்து, உலோகத் துகள் எல்லாம் பேரலுக்குள் தங்கும். பழைய காலத் தோட்டாக்களில் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் உப்பாகிப் பேரலுக்குள் படியும், காற்றின் ஈரத்தை இழுக்கும், ஓரிரு நாளில் துருவாக்கிவிடும். அதனால்தான் சுட்டு முடித்த அன்றே பேரலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, புல்த்ரூ என்ற கயிற்றைப் போட்டுத் துணியை இழுத்து, எண்ணெய் தடவி வைத்தார்கள். செய்யாதவனுக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். அந்த ஒழுக்கம் ஒரு தலைமுறையின் கையில் அப்படியே பதிந்துவிட்டது.

ஏர் ரைபிளில் எது எரிகிறது? எதுவுமே எரிவதில்லை. காற்று அழுத்துகிறது, ஈயக்குண்டு போகிறது. கரி இல்லை, உப்பு இல்லை, செம்பு உறை இல்லை. ராணுவத் துப்பாக்கியில் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் பாயும்போது, 10 மீட்டர் போட்டி ரைபிளின் பெல்லட் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. எடை அரை கிராம் சொச்சம். பெல்லட்டை உற்றுப் பாருங்கள்: தலை தட்டை, இடுப்பு ஒடுக்கம், பின்பக்கம் பாவாடைபோல் விரிந்த மெல்லிய சுவர். காற்றின் அழுத்தத்தில் அந்தப் பாவாடை விரிந்து, பேரலின் வரிப்பள்ளங்களோடு ஒட்டி உரசிக்கொண்டே வெளியேறுகிறது. முன்னால் போன குண்டு விட்டுப்போன துகளை அடுத்த குண்டு வழித்துக்கொண்டு போகிறது. கொஞ்சம் ஈயம் மெல்லிய பூச்சாகப் படிவது உண்மைதான். ஓரளவுக்குப் படிந்தபின் அது அப்படியே நிலைத்துவிடும். நன்றாகச் சுடுகிற பேரல் என்று நாம் சொல்வது அந்தப் பூச்சோடு சேர்ந்த பேரலைத்தான். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால், திரும்பப் படியும்வரை குண்டுகள் கொஞ்சம் அலைந்துதான் விழும். பத்து இருபது குண்டில் சரியாகும் பேரலும் உண்டு, ஐம்பது கேட்கும் பேரலும் உண்டு. நூறு குண்டுக்கு ஒருமுறை தேய்ப்பவரின் ரைபிள் பாதி நேரம் இந்தத் தடுமாற்றத்திலேயே கிடக்கிறது.

“அப்போ துணியில கறுப்பா வருதே சார், அது என்ன?” என்று அந்த அப்பா கேட்டார். எல்லாரும் கேட்பது இதைத்தான். இந்த வதந்தியின் உயிர்நாடியே அந்தக் கறுப்புத் துணிதான். சரி, ஒரு சோதனை செய்யுங்கள். பேரலை நன்றாகத் துடையுங்கள், துணி வெள்ளையாக வரட்டும். பிறகு ஐந்தே ஐந்து குண்டு சுடுங்கள். மறுபடி துணியை இழுங்கள். மீண்டும் சாம்பல் கறுப்பு. ஐந்து குண்டில் பேரல் கெட்டுவிட்டதா? ஈயத்தைக் காகிதத்தில் தேய்த்தாலே கறுப்புக் கோடு விழும். பல பெல்லட்டுகளில் உராய்வு குறைய கிராஃபைட் வேறு பூசியிருப்பார்கள். கறுப்பு அவற்றின் நிறம். அது வரத்தான் வரும். வெள்ளைத் துணியை இலக்காக வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் தேய்த்துக்கொண்டே இருக்கலாம்.

தேய்ப்பதால் நன்மை இல்லை என்பதோடு போயிருந்தால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். கெடுதல் இருக்கிறது. பேரல் வாயை விட்டு பெல்லட் விலகும் அந்தக் கணத்தில், பின்னால் இருக்கும் காற்று சுற்றிலும் ஒரே சீராக வெளியேற வேண்டும். வாய்விளிம்பில் ஒரு பக்கம் பிசிறோ பள்ளமோ இருந்தால், காற்று அந்தப் பக்கம் முந்திக்கொண்டு பாய்ந்து பெல்லட்டின் பின்பக்கத்தை இடித்துச் சாய்க்கிறது. 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, பெல்லட்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். அந்த அளவு நுணுக்கத்தில் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சாய்வு போதும் போட்டியை இழக்க. இதோடு, வாய்ப்பக்கமிருந்து கம்பி விட்டால் அழுக்கெல்லாம் காற்று வரும் துளைக்குள் போய் அடைக்கும். வெண்கலப் பிரஷ் எஃகைவிட மென்மையானது என்று வாதிடுவார்கள். பிரஷ் மென்மைதான். அதில் ஒட்டியிருக்கும் மணல் மென்மையா? கம்பியின் திருகு மூட்டு மென்மையா?

அந்தப் பிள்ளையின் ரைபிளைக் காப்பாற்ற முடிந்தது. பேரலின் வாயை லேத்தில் மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவிப் புதிதாக விளிம்பு கட்டினோம். எல்லாப் பேரலுக்கும் இந்த அதிர்ஷ்டம் அமையாது.

அப்படியென்றால் எப்போதுதான் சுத்தம் செய்வது? புது ரைபிள் வாங்கியதும் ஒருமுறை, கட்டாயம். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமலிருக்கத் தடவிய எண்ணெயும் உலோகப் பொடியும் உள்ளே இருக்கும். அதன்பின் போட்டி ரைபிள் என்றால் 500 குண்டு டின் ஒன்று தீரும்போது கம்பளிப் பெல்லட் இரண்டை உலர்ந்தபடியே சுட்டுவிடுங்கள். கடையில் ஃபெல்ட் பெல்லட் என்று கேட்டால் கொடுப்பார்கள். பயிற்சி முடிந்த ஒவ்வொரு நாளும் அதைச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் ஸ்பிரிங் ரைபிளில் அதைச் சுடாதீர்கள். ஃபெல்ட் எடையற்றது, எதிர்த்தள்ளு இல்லாமல் பிஸ்டன் போய் மோதும். வீட்டில் வைத்திருக்கும் மடக்கு ஸ்பிரிங் ரைபிளுக்குக் கணக்கே வேண்டாம், குறி சிதறும்வரை தொடாதீர்கள். ஆயிரம் தாண்டியும் நன்றாகச் சுடுகிறது என்றால் விட்டுவிடுங்கள்.

சிதறுகிறது என்றாலும் கை நேராகப் பேரலுக்குப் போகக் கூடாது. முதலில் கட்டைத் திருகுகளை முறுக்கிப் பாருங்கள். பிறகு சைட்டோ ஸ்கோப்போ ஆடுகிறதா என்று பாருங்கள். பெல்லட் வேறு டின்னா, வேறு தயாரிப்பு எண்ணா என்று பாருங்கள். மடக்கு ரைபிளில் பேரல் மூடும் இடத்து சீல் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘பேரல் போச்சு’ என்று என்னிடம் வருகிற ரைபிள்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் எடுப்பது ஒரு ஆலன் சாவி மட்டும்தான். இத்தனையும் சரியாக இருந்து, ரைபிளைத் தாங்கியில் வைத்து ஒரே டின்னில் ஐந்து ஐந்தாகச் சுட்டும் ஓட்டைகள் பரவினால், அப்போது பேரலைச் சுத்தம் செய்யுங்கள். குண்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வழவழப்பான நைலான் நரம்பில் சின்னப் பருத்தித் துணி கட்டி, குண்டு போடும் பக்கமிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். குண்டு போகும் திசைதான் துணிக்கும் திசை. நாலைந்து துணி போதும். முடித்ததும் இருபது குண்டு சுட்டுப் பேரலை நிலைக்கு வரவிட்டு, அப்புறம் இலக்கைப் பாருங்கள். போட்டிக்கு முந்தைய இரவு மட்டும் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

மற்ற சில நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. பேரலில் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விட்டால் ‘பவர்’ கூடும் என்பது முதலாவது. ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் காற்றை அழுத்தும் சூட்டில் அந்த எண்ணெய் டீசல் இன்ஜினில் போலப் பற்றிக்கொள்கிறது. ‘டமார்’ என்று சத்தமும் புகை வாசனையும் வரும், பையன்கள் பூரித்துப்போவார்கள், சீலும் ஸ்பிரிங்கும் பாழாகும். காற்றை அடைத்து வைத்திருக்கும் சிலிண்டர் ரைபிளில் 200 பார் அழுத்தம் இருக்கிறது, கார் டயரைப்போல ஏறக்குறைய நூறு மடங்கு. அதன் காற்று நிரப்பும் வழியில் சாதாரண எண்ணெய் படுவது தீவிபத்தை அழைப்பது. இரும்புக் குண்டு போட்டால் ஈயம் படியாது, பேரல் சுத்தமாக இருக்கும் என்பது இன்னொன்று. இரும்பு தேய்த்துத் தேய்த்து வரிப்பள்ளமே இருக்காது, பிறகு சுத்தம் எதற்கு? கடலோர ஊர்க்காரர்கள் துருவுக்குப் பயப்படுவது மட்டும் நியாயம். வியர்வைக் கை பட்ட வெளிப்பாகத்தை எண்ணெய்த் துணியால் தினமும் துடையுங்கள். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் பூட்டி வைப்பதென்றால் உள்ளேயும் லேசாக ஒரு எண்ணெய்த் துணி இழுங்கள், மறுபடி சுடுமுன் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.

சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை எத்தனை பேர் பார்க்கிறீர்கள்? அதிகபட்சம் பத்து ஆண்டு, அதற்குமேல் சர்வதேசப் போட்டி விதியே அனுமதிக்காது. பேரலைத் தேய்க்கும் கை அந்தத் தேதியைத் தடவிப் பார்ப்பதே இல்லை.

மறுபடி அந்தக் கறுப்புத் துணிக்கு வருகிறேன். பேரலுக்கு அது கேடில்லை என்றேன். பிள்ளைகளுக்குக் கேடு. அது ஈயம். அந்த அப்பா பேசிக்கொண்டிருந்தபோது, தேய்த்த துணியை வெறுங்கையால் சுருட்டி மகளிடம் கொடுத்தார். அவள் அதைப் பைக்குள் போட்டுவிட்டு, அதே கையால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். நான் எழுந்துபோய்ப் பாக்கெட்டை வாங்கி வைத்துவிட்டு, “போய் கையை சோப்பு போட்டுக் கழுவிட்டு வாம்மா” என்றேன். இரண்டு பேருமே திகைத்துப்போய்ப் பார்த்தார்கள்.

ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் தெளிவாகச் சொல்கிறது. வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களைவிடச் சிறு குழந்தைகளின் உடல் நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. நம் ரேஞ்சுகளில் என்ன நடக்கிறது? கையில் வைக்க இடமில்லை என்று பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். சுடும் மேஜையில் டீ டம்ளரும் முறுக்கும் இருக்கின்றன. இலக்குப் பக்கம் சிதறிக் கிடக்கும் ஈயத்தூளைத் தென்னந்துடைப்பத்தால் வறட்டு வறட்டென்று பெருக்கிப் புழுதி கிளப்புகிறார்கள், பக்கத்திலேயே பிள்ளைகள் நிற்கிறார்கள். அங்கே ஈரத்துணி போட்டுத் துடைக்க வேண்டும். அக்கா சுடுவதைப் பார்க்க வந்த தம்பி தரையில் உட்கார்ந்து பழைய பெல்லட் பொறுக்கி விளையாடுகிறான். பேரலுக்கு இவ்வளவு பார்க்கிற பெற்றோர் இதைப் பார்க்க வேண்டாமா?

நூறு குண்டுக்கு ஒருமுறை எதையாவது சுத்தம் செய்தே தீருவேன் என்றால் கையைச் சுத்தம் செய்யுங்கள். ரேஞ்சை விட்டு வெளியே வரும்போது சோப்பு போட்டுக் கை, பிறகு முகம். அதற்குமுன் வாயில் எதுவும் வைக்காதீர்கள். வீட்டுக்குப் போனதும் சட்டையைத் தனியாகத் துவையுங்கள். உங்கள் ரேஞ்சில் குழாயும் சோப்பும் இருக்கின்றனவா என்று நாளைக்கே பாருங்கள். இல்லையென்றால் நிர்வாகத்திடம் கேளுங்கள், பதில் வரும்வரை ஒரு சோப்பை நீங்களே வாங்கி வாசலில் வையுங்கள்.