பாலில் கலந்த பொய்

பாலில் தண்ணீர் கலப்பது பழைய ஏமாற்று வேலை. தண்ணீர் கலந்தால் புரதத்தின் அளவு குறையும்; பரிசோதனையில் பிடிபட்டுவிடும். சீனாவில் சிலர் அதற்கும் ஒரு வழி கண்டனர். அங்குச் செய்யப்பட்ட பரிசோதனை புரதத்தை நேரடியாக அளக்கவில்லை. நைட்ரஜனை அளந்து, அதைக்கொண்டு புரதத்தைக் கணக்கிட்டது. எனவே, நைட்ரஜன் மிகுந்த மெலமைனைப் பாலில் கலந்தனர். மெலமைன் உணவுப் பொருளன்று; உடையாத தட்டுகள் செய்யப் பயன்படும் வேதிப்பொருள்.

பரிசோதனையில் பால் தேறியது. அந்தப் பால்மாவைக் குடித்த குழந்தைகளுக்கோ சிறுநீரகத்தில் கற்கள் உண்டாயின. 2008ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3 இலட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டனர். 6 குழந்தைகள் இறந்தனர்.

சான்லு என்ற பால்மாவு நிறுவனத்திற்குப் பெற்றோரின் புகார்கள் பல மாதங்களுக்கு முன்பே வந்திருந்தன. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் மெலமைன் கலப்பும் அதற்கு உறுதியாகத் தெரிந்தது. ஆனால், பொதுமக்கள் அதை அறிந்தது செப்டம்பரில்தான். கலந்தவர்களின் குற்றத்தைவிட, தெரிந்தும் வாய் திறக்காதவர்களின் குற்றம் சிறியதென்று சொல்லிவிட முடியுமா?

நிறுவனம் நொடித்துப்போனது. அதன் தலைவிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சிங்கப்பூரும் அதே செப்டம்பரில் சீனப் பால் பொருள்களுக்குத் தடை விதித்தது. சிறுவர்கள் விரும்பி உண்ணும் ‘வைட் ராபிட்’ பால் மிட்டாயிலும் மெலமைன் இருந்ததால், அதுவும் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது.